பதினெட்டாவது வளையம்

மருதமுனையில் கச்சான் வீசத் தொடங்கி ஐந்தாம் நாள்.
கதவைத் திறந்தால் மணல், சாத்தினால் புழுக்கம்.
நஸ்லிமா திறந்துதான் வைத்திருக்கிறாள்,
தேன்சிட்டு போய்வர வேண்டுமே என்று.

தறிக்கொட்டிலின் நடுவில்
குமிழ் இல்லாத ஒரு வயர்.
அதன் நுனியில் கூடு.
குமிழ் மாட்ட அவள் கணவர் ஏணியோடு வந்த அன்று
முட்டை இரண்டு கிடந்ததாம்.
ஏணி இன்னும் அதே சுவரில் சாய்ந்து நிற்கிறது.
மஃரிபு பாங்குக்கு முன்னமே தறி ஓய்ந்துவிடுகிறது.

ஏணியில் ஏறிப் பார்த்தேன்:
சிலந்தி நூல், தென்னந்தும்பு, புழுவின் எச்சம்,
காய்ந்த வேப்பம்பூ,
இடையில் ஊதா, பச்சை, ஓர் இழை சரிகை.
பெருநாளுக்கு நெய்த சாறிகளின் மிச்சம்.
"கள்ளி," என்றாள் நஸ்லிமா கீழே நின்று,
"கேட்டிருந்தா நல்ல நூலாக் குடுத்திருப்பன்."

பிடிப்பவள் நான். எழுதுபவன் புவிதரன்.
தறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன்.
நிறுத்தினாள்.
குஞ்சுகள் கூட்டின் அடியில் ஒடுங்கிப்போயின.
பொரித்த நாளிலிருந்து கேட்ட சத்தம் அது;
அமைதிதான் அவற்றுக்கு இடி.
நான் கேளாமலே அவள் திரும்பப் போய்
மிதியில் கால் வைத்தாள்.
டக்கு டக்கு, டக்கு டக்கு.
இரண்டு வாய்கள் திறந்தன.

முதல் குஞ்சு ஆறரைக் கிராம்.
உள்ளங்கையில் பாரம் தெரியவில்லை, சூடு தெரிந்தது.
சத்தத்தை அணைத்து வைத்த போன் அதிர்வதுபோல நெஞ்சு.
இடுக்கியை மூச்சோடு சேர்த்து மெல்ல விட்டேன்.
வளையம் சுழல வேண்டும், கழரக் கூடாது.
சுழன்றது.
"பதினேழு," என்றேன்.
எழுதினான்.

இரண்டாவதை எடுத்தேன், கால் வரவில்லை.
கூட்டோடு கட்டிக் கிடந்தது.
ஊதா நூல், மூன்று சுற்று.
குஞ்சு வளர்ந்திருந்தது, நூல் வளரவில்லை.
வீங்கி, நாவற்பழத் தோல் நிறத்தில் ஒரு கால்.

தறி நின்றது.
நஸ்லிமா எழும்பி வந்து பார்த்தாள். அவளுடைய நூல்.
கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள்,
பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.
"நீங்க புடிங்க, நான் வெட்டுறன்."
அறுந்த இழையை ஆயிரம் இழைக்குள் தேடி எடுக்கிற விரல்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது சதைக்குள் இருந்தது.
புவிதரன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
கதவு நிலையில் தாய், அலகில் ஒரு சிலந்தியோடு,
வந்தது, போனது, வந்தது.

மற்றக் காலுக்குப் போடலாமே, என்றான் அவன்.
போடலாம். விதியில் இடமுண்டு.
பதினெட்டாவது வளையத்தைப் பிலிம் டப்பாவுக்குள் விட்டேன்.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.
கொப்பியில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதச் சொன்னேன்:
போடவில்லை. ஏற்கனவே கட்டியிருந்தது.
கம்பஸில் கேள்வி வரும். வரட்டும்.

நாலாம் நாள் போன் வந்தது.
"ரெண்டும் பறந்திட்டு புள்ள.
சின்னது கொஞ்சம் சரிஞ்சுதான் போச்சு."
குமிழ்?
"அது கிடக்கட்டும், வேற வயர் இழுத்தாச்சு."

அடுத்த கச்சானும் வந்துவிட்டது.
வந்தாறுமூலையில், பாண்டிருப்பில், களுவாஞ்சிக்குடியில்
செவ்வரத்தை கண்ட மதிலெல்லாம் நின்று பார்க்கிறேன்,
ஒரு காலில் மினுக்கம் தெரியுமா என்று.
பதினேழு எங்கேயும் இல்லை.
எண் போட்டுவிட்டேன், அது மட்டுமாகத்தான் அது வர முடியும்.
வெறுங்காலோடு பூவில் தொங்குகிற எதுவும்
பதினெட்டாக இருக்கலாம்.

நேற்று கல்முனை பஸ் தரிப்பிடத்தில்,
கம்பியில் ஒன்று.
ஒரு காலைச் சற்று உயர்த்தி வைத்திருந்தது.
காற்றுக்காகவும் இருக்கும்.
பஸ் வந்தது.
நான் ஏறவில்லை.